ஒரு டன் கம்பி எத்தனை மீட்டர்?

கட்டட வரைபடத்தில் எங்கே தேடினாலும் கிலோ என்ற சொல் இருக்காது. தூணுக்கு 16 எம்எம் ஆறு கம்பி, அவற்றைச் சுற்றி வளைத்துக் கட்டும் ரிங் 8 எம்எம், தளத்துக்கு 10 எம்எம் 150 மி.மீ. இடைவெளியில் என்றுதான் போட்டிருப்பார்கள். விட்டம், நீளம், எண்ணிக்கை, அவ்வளவுதான். கடையில் கதை வேறு. விலை கிலோவுக்கு, பில் டன்னுக்கு, லாரி ஏறி இறங்குவது எடைமேடையில். இந்த இரண்டு உலகத்துக்கும் நடுவில் ஒரே ஒரு எண்தான் பாலம்: ஒரு மீட்டர் கம்பியின் எடை. அந்த எண்ணை ஆளுக்கொரு விதமாக எடுத்துக்கொள்வதால், கான்கிரீட் போடுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் பத்துக் கம்பி குறைகிறது. இல்லையென்றால் வேலை முடிந்து பார்க்கும்போது மூலையில் கால் டன் துண்டு துருப்பிடித்துக் கிடக்கிறது.

முதலில் கணக்கின் வேரைப் பார்த்துவிடலாம். எஃகின் அடர்த்தி கன மீட்டருக்கு 7850 கிலோ. குறுக்குவெட்டில் 1 சதுர மி.மீ. பரப்பும் 1 மீட்டர் நீளமும் கொண்ட எஃகு 0.00785 கிலோ. இந்த ஓர் எண் மனதில் இருந்தால் எந்தச் சூத்திரத்தையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பரப்பை மி.மீ. கணக்கில் எடுத்து 0.00785 ஆல் பெருக்கினால் மீட்டர் எடை வந்துவிடும். உருண்டைக் கம்பியின் பரப்பு விட்டத்தின் வர்க்கம் × 0.7854. அதை 0.00785 ஆல் பெருக்கினால் 0.006165, தலைகீழாக்கினால் 162.2. எல்லாரும் சொல்லும் ‘விட்டம் × விட்டம் ÷ 162’ இங்கிருந்துதான் வருகிறது. விட்டத்தை மி.மீ.யில் கொடுத்தால் விடை மீட்டருக்கு இத்தனை கிலோ என்று வரும். அடிக் கணக்கு வேண்டுமென்றால் 162க்குப் பதில் 533 ஆல் வகுப்பார்கள். கறாராகப் பார்த்தால் 532, ஆனால் அந்த வித்தியாசம் யாருக்கும் வலிக்காது.

162 என்பது உருண்டைக்கு மட்டும் என்பது பலருக்கு மறந்துபோகும். கிரில்லுக்குப் போடும் 12 எம்எம் சதுரக் கம்பி மீட்டருக்கு 1.13 கிலோ, அதே 12 எம்எம் உருண்டை 0.89 கிலோதான். பட்டை என்றால் அகலம் × கனம் × 0.00785, 50×6 பட்டை 2.36 கிலோ. தகடு சதுர மீட்டருக்கு, ஒவ்வொரு மி.மீ. கனத்துக்கும் 7.85 கிலோ, 10 எம்எம் தகடு 78.5 கிலோ. குழாய்க்கு வெளிவிட்டத்திலிருந்து கனத்தைக் கழித்து, திரும்பவும் கனத்தால் பெருக்கி, 0.02466 ஆல் பெருக்க வேண்டும். 48.3 எம்எம் வெளிவிட்டமும் 3.2 எம்எம் கனமும் உள்ள குழாய் இப்படிப் போட்டால் 3.56 கிலோ வரும். குழாய் அட்டவணையிலும் அதுவே இருக்கும்.

மேஸ்திரிகளின் பேச்சில் இன்னும் நூலும் (இஞ்சில் எட்டில் ஒரு பங்கு) இஞ்சும் இருக்கின்றன. மூணு நூல் என்றால் 10 எம்எம், அரை இஞ்ச் என்றால் 12 எம்எம் என்று எல்லாருக்கும் புரியும். பேச்சுக்கு அது போதும், கணக்குக்குப் போதாது. அரை இஞ்ச் என்பது 12.7 மி.மீ. அதைச் சூத்திரத்தில் போட்டால் மீட்டருக்கு 0.996 கிலோ, உண்மையான 12 எம்எம் கம்பி 0.888 கிலோ. 12 சதவீதம் கூடுதலாக ஆர்டர் போய்விடும்.

கான்கிரீட்டுக்குள் போடும் வரி வரியான டிஎம்டி கம்பிக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 1786. அதில் உள்ள மீட்டர் எடையை வைத்து, 12 மீட்டர் கம்பிக்குப் போட்ட கணக்கு இது:

8 எம்எம்: மீட்டருக்கு 0.395 கிலோ, ஒரு கம்பி 4.74 கிலோ, டன்னுக்கு 2532 மீட்டர், 211 கம்பி
10 எம்எம்: 0.617 கிலோ, 7.40 கிலோ, 1621 மீட்டர், 135 கம்பி
12 எம்எம்: 0.888 கிலோ, 10.66 கிலோ, 1126 மீட்டர், 94 கம்பிக்குச் சற்றுக் குறைவு
16 எம்எம்: 1.58 கிலோ, 18.96 கிலோ, 633 மீட்டர், 53 கம்பிக்குச் சற்றுக் குறைவு
20 எம்எம்: 2.47 கிலோ, 29.64 கிலோ, 405 மீட்டர், 34 கம்பிக்குச் சற்றுக் குறைவு
25 எம்எம்: 3.85 கிலோ, 46.2 கிலோ, 260 மீட்டர், 21 கம்பிக்கு மேல் அரைக் கம்பி

இந்த அட்டவணை கூடக் கண்ணை ஏமாற்றும். ‘நாற்பது அடி கம்பி’ என்று சொல்லிப் பழகியவர்கள் நீளத்தை 40 அடி என்றே வைத்துக் கணக்குப் போடுவார்கள். 40 அடி என்பது 12.19 மீட்டர். வருவதோ 12 மீட்டர் கம்பி. நூறு கம்பிக்கு 19 மீட்டர் காகிதத்தில் மட்டும் இருக்கும், கையில் இருக்காது. வரைபடம் மி.மீ.யில் இருந்தால் ஆர்டர் கணக்கும் மீட்டரிலேயே இருக்கட்டும். நடுவில் அடிக்கு மாற்றித் திரும்பவும் மீட்டருக்கு வருகிற வேலையே வேண்டாம்.

எடை ஏன் கூடுகிறது, ஏன் குறைகிறது

மேலே சொன்னது எல்லாம் கணக்கு எடை. ஆலையில் உருளைகளுக்கு நடுவே நசுங்கி வெளியே வரும் கம்பி அச்சாக அந்த எடையில் இருக்காது. உருளை தேயத் தேயக் கம்பி கொஞ்சம் தடிக்கும். புது உருளை போட்டதும் மெலியும். இதற்குத் தரநிலையே இடம் கொடுக்கிறது. ஒரு தொகுதியின் சராசரி மீட்டர் எடை, 10 எம்எம் வரை கணக்கு எடையிலிருந்து 7 சதவீதம் கூடலாம், குறையலாம். 10க்கு மேல் 16 எம்எம் வரை 5 சதவீதம். 16க்கு மேல் 3 சதவீதம். தனி ஒரு மாதிரியை எடுத்தால் குறைவுக்கான எல்லை 8, 6, 4 சதவீதம்.

ஆர்டர் போடுகிறவருக்கு இதன் பொருள் என்ன? 16 எம்எம் 200 கம்பி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நீளம் 2400 மீட்டர், கணக்கு எடை 3792 கிலோ. ‘3.8 டன் போடுங்க’ என்று சொல்லிவிடுகிறோம். வந்த சரக்கு 5 சதவீதம் கனமாக இருந்தால் மீட்டருக்கு 1.659 கிலோ. 3792 கிலோவுக்குக் கிடைப்பது 2286 மீட்டர். 114 மீட்டர் குறைவு, ஒன்பதரைக் கம்பி. யாரும் ஏமாற்றவில்லை. மேடை எடை சரி, தரநிலைப்படியும் சரி. ஆனால் தூணுக்கு வேண்டிய கம்பி கையில் இல்லை. தலைகீழாக 5 சதவீதம் மெலிந்த கம்பி வந்தால் அதே எடைக்கு 2526 மீட்டர் கிடைக்கும். பத்துக் கம்பி மிச்சம்.

அந்த மிச்சத்தைப் பார்த்து மகிழ்கிறவர்கள் உண்டு. எல்லைக்குள் இருக்கும்வரை அதில் தவறில்லை. அந்த ஏற்ற இறக்கம் தெரிந்துதான் தரநிலை எல்லை வகுத்திருக்கிறது. எல்லையைத் தாண்டினால் அது லாபம் இல்லை. பொறியாளர் தூணுக்குக் கணக்கிட்டது கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பை. மீட்டர் எடை 12 சதவீதம் குறைந்தால் பரப்பும் அதே 12 சதவீதம் குறைந்துவிட்டது. ஆறு கம்பி போட்ட தூணில் உண்மையில் ஐந்தேகால் கம்பிதான் நிற்கிறது. அதை எந்தச் சிமெண்டும் ஈடுகட்டாது.

பில் எப்படிப் போடுகிறார்கள் என்பதைப் பொறுத்து நட்டம் யாருக்கு என்பது மாறும். மேடை எடைக்குப் பணம் என்றால், கனத்த கம்பி வரும்போது வாங்குகிறவருக்கு மீட்டர் குறையும். பீஸ் கணக்கு என்றால், அதாவது கம்பியை எண்ணி அட்டவணை எடையால் பெருக்கி பில் என்றால், மெலிந்த கம்பி வரும்போது இல்லாத இரும்புக்குப் பணம் போகும். மேலே சொன்ன 200 கம்பி 5 சதவீதம் மெலிந்திருந்தால் உண்மை எடை 3602 கிலோ. பில் 3792 கிலோவுக்கு. 190 கிலோ காற்றுக்குப் பணம். ஆகவே விலை பேசும்போதே எந்த எடைக்கு விலை என்று கேட்டு எழுதி வாங்கிவிட வேண்டும். கிலோவுக்கு ஐம்பது பைசா பேரம் பேசுகிறவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவதுதான் வருத்தம்.

மீட்டர் எடையைச் சரிபார்ப்பது பெரிய வேலை இல்லை. ஒவ்வொரு விட்டத்திலும் வேறு வேறு கட்டிலிருந்து மூன்று கம்பி எடுங்கள். ஒவ்வொன்றிலும் சரியாக ஒரு மீட்டர், முனை நேராக இருக்கும்படி கட்டிங் மெஷினில் வெட்டுங்கள். அரை மீட்டருக்குக் குறையக்கூடாது. கத்தரித்த முனை நசுங்கிச் சாய்ந்திருந்தால் நீளமே தெரியாது. கம்பித் தூரிகையால் மண்ணையும் உதிரும் துருவையும் தட்டிவிட்டு, கிராம் காட்டும் மின்னணுத் தராசில் வையுங்கள். 8 எம்எம் 363 கிராமுக்குக் கீழே போனால், 10 எம்எம் 568க்குக் கீழே, 12 எம்எம் 835க்குக் கீழே, 16 எம்எம் 1485க்குக் கீழே, 20 எம்எம் 2371க்குக் கீழே போனால் அந்தச் சரக்கை இறக்காமல் நிறுத்திக் கேள்வி கேட்கலாம். எடையைக் கிலோவில் எடுத்து, நீளத்தாலும் 0.00785 ஆலும் வகுத்தால் உண்மையான பரப்பு சதுர மி.மீ.யில் கிடைக்கும். பொறியாளரிடம் காட்ட வேண்டிய எண் அதுதான்.

வெர்னியர் வைத்து விட்டம் பார்க்கிறேன் என்று கிளம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டிஎம்டி கம்பியில் வரிகள் புடைத்து நிற்கின்றன. வரியின் மேல் வைத்தால் அளவு கூடக் காட்டும், பள்ளத்தில் வைத்தால் குறையக் காட்டும். இரண்டும் விட்டம் ஆகாது. வரிகளில் உள்ள இரும்பையும் சேர்த்துச் சமமான உருண்டை எவ்வளவு என்பதைத்தான் 16 எம்எம் என்பதில் உள்ள 16 குறிக்கிறது. அதைக் காட்டக்கூடியது தராசு மட்டும்.

மொத்த நீளத்தை 12 ஆல் வகுக்கக் கூடாது

எடைப் பிரச்சினையைவிட அதிகக் கம்பியைத் தின்பது வெட்டும் கணக்கு. இதை ஒரு தூண் உதாரணத்தில் பார்த்தால் போதும். எட்டுத் தூண், தூணுக்கு ஆறு கம்பி, 16 எம்எம். மொத்தம் 48 துண்டு. மாடி உயரமும், மேலே அடுத்த கம்பியோடு பக்கத்தில் சேர்த்துக் கட்டி ஒட்டுப் போட விடும் நீளமும் சேர்த்து ஒரு துண்டு 3.8 மீட்டர் என்றால், 12 மீட்டர் கம்பியில் மூன்று துண்டு விழும், 60 செ.மீ. கழிவு. 16 கம்பி போதும், 303 கிலோ. மாடி உயரம் ஓர் அடி கூடித் துண்டு 4.1 மீட்டர் ஆனது என்று வையுங்கள். இப்போது ஒரு கம்பியில் இரண்டு துண்டுதான். 24 கம்பி வேண்டும், 455 கிலோ. நீளம் கூடியது 30 செ.மீ., ஆர்டர் கூடியது பாதி மடங்கு. எடையை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டவர் 4.1 × 48 = 196.8 மீட்டர், 311 கிலோ, 17 கம்பி என்று எழுதியிருப்பார். ஏழு கம்பி குறையும். ஐந்து சதவீதம் கழிவு சேர்த்தாலும் ஒரு கம்பிதான் கூடும்.

ஒரு கம்பியை மூன்றாகப் பிரிக்கும் எல்லை 4 மீட்டர், நான்காகப் பிரிக்க 3 மீட்டர். துண்டின் நீளம் இந்த எல்லைகளுக்கு ஒட்டி மேலே இருந்தால் வெட்டுவதற்கு முன் பொறியாளரிடம் ஒரு தடவை பேசுவது நல்லது. ஒட்டு நீளத்தில் இடம் இருக்கிறதா, ஒட்டை வேறு உயரத்துக்கு மாற்றலாமா என்று அவர்தான் சொல்ல முடியும். மேஸ்திரியோ கடைக்காரரோ ஒட்டைக் குறைக்கும் முடிவை எடுக்கக் கூடாது. முடியாது என்று அவர் சொன்னால், 24 கம்பியிலிருந்து மீதியாகும் 3.8 மீட்டர் துண்டுகளுக்கு வேறு வேலை இருக்கிறதா என்று பீம் பட்டியலில் தேட வேண்டும்.

தளத்தில்தான் இந்தத் தேடல் நன்றாகப் பலன் தரும். பல அறைகளுக்கு மேல் தொடர்ச்சியாக ஓடும் 14 மீட்டர் × 9 மீட்டர் தளம், இரண்டு பக்கமும் 10 எம்எம் 150 மி.மீ. இடைவெளியில், அடிவலை மட்டும். ஓரக் கவர் (கம்பிக்கு வெளியே விடும் கான்கிரீட் கனம்), வளைவு எல்லாவற்றையும் கணக்கு எளிமைக்காக விட்டுவிடுவோம். நீளவாக்கில் 61 வரிசை. ஒவ்வொன்றும் 14 மீட்டர், நடுவில் ஓர் ஒட்டு அரை மீட்டர், ஆக 14.5. குறுக்கில் 95 வரிசை, ஒவ்வொன்றும் 9 மீட்டர். கூட்டினால் 1739.5 மீட்டர், 1073 கிலோ. ஐந்து சதவீதம் சேர்த்து 1127 கிலோ, 152 கம்பி என்று பெரும்பாலான ஆர்டர்கள் போகும்.

இனி வெட்டிப் பாருங்கள். குறுக்குவாக்கில் ஒவ்வொரு 12 மீட்டரிலும் 9 வெட்டினால் 3 மீட்டர் மிஞ்சும். 95 கம்பி, 95 துண்டு. நீளவாக்கில் ஒரு முழுக் கம்பியும் 2.5 மீட்டர் துண்டும் வேண்டும். அந்த 2.5ஐப் புதுக் கம்பியில் நாலு நாலாக வெட்டினால் 61 + 16 = 77 கம்பி; குறுக்கு 95 சேர்த்து 172 கம்பி, 1273 கிலோ. குறுக்கில் மிஞ்சிய 3 மீட்டர் துண்டுகளையே எடுத்துக்கொண்டால் அந்தப் 16 கம்பி தேவையே இல்லை. 156 கம்பி, 1155 கிலோ. மிச்சமுள்ள 34 துண்டு, தாங்கு சுவர்களுக்கு மேலே போடும் கூடுதல் மேல்கம்பிக்குப் போகும். எடைக்கணக்கு சொன்ன 152க்கு இன்னும் நாலு கம்பி வேண்டியிருந்தது. கவனிக்காமல் வெட்டினால் இருபது. ஒட்டுகள் எல்லாம் ஒரே கோட்டில் விழாமல், ஒரு வரிசையில் இடப்பக்கம் முழுக் கம்பி, அடுத்ததில் வலப்பக்கம் என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும் என்பதைக் கட்டுகிறவரிடம் சொல்லிவிடுங்கள்.

கம்பியை இறக்கியவுடன் முதலில் எதை வெட்டுவது என்பதும் இதனால்தான் முக்கியம். நீளத் துண்டுகள் முதலில், குட்டைத் துண்டுகள் கடைசியில். வேலை தொடங்கும் அவசரத்தில் முழுக் கம்பியில் ரிங் வெட்ட ஆரம்பித்தால் பிறகு கிடைக்கும் துண்டுகளுக்கு வேலையே இருக்காது.

ரிங் சின்ன விஷயம் போலத் தெரியும். 230×300 தூண், 40 மி.மீ. கவர், ரிங் 150×220. சுற்றளவு 740, கொக்கிக்கு விட்டத்தின் பத்து மடங்கு வீதம் இரண்டு, 160, வளைவுகளில் கம்பி நீள்வதால் கழிக்க வேண்டியது 96. வெட்டு நீளம் 804 மி.மீ. ஒரு கம்பியில் 14 ரிங், முக்கால் மீட்டருக்குச் சற்றுக் குறைந்த துண்டு மிஞ்சும். நூறு ரிங்குக்கு எட்டுக் கம்பி, 38 கிலோ. எடைக்கணக்கில் 32 கிலோ என்றுதான் வரும். 8 எம்எம் எப்போதும் பற்றாமல் போவதற்கு இது ஒரு காரணம்.

ஆர்டர் சீட்டும் இறக்கும் இடமும்

சீட்டில் டன்னை முதலில் எழுதாதீர்கள். ‘16 எம்எம், எஃப்இ 500டி, 12 மீட்டர், 24 கம்பி, கணக்கு எடை 455 கிலோ, பணம் மேடை எடைக்கு, எண்ணிக்கை குறையக் கூடாது’ என்று ஒவ்வொரு விட்டத்துக்கும் ஒரு வரி. எஃப்இ 500டி என்பது கம்பியின் வலிமைத் தரம். கடைக்காரர் கட்டு கட்டாகத்தான் தருவார். 8 எம்எம் பத்து, 10 எம்எம் ஏழு, 12 எம்எம் ஐந்து, 16 எம்எம் மூன்று, 20 எம்எம் இரண்டு என்று ஒரு கட்டு ஐம்பது கிலோவை ஒட்டி வரும்படி கட்டுவது வழக்கம். கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கேட்டுக்கொள்ளுங்கள். எண்ணிக்கையைக் கட்டுக்கு மேல்நோக்கி முழுமையாக்குங்கள். 156 கம்பி 10 எம்எம் என்றால் 23 கட்டு, 161 கம்பி.

லாரி வந்தால் விட்டவாரியாக எண்ண வேண்டும். நாலு விட்டமும் கலந்து வந்த லோடில் மேடை எடை மொத்தத்தைத்தான் சொல்லும். 16 எம்எம்மில் ஐந்து கம்பி குறைந்து 8 எம்எம்மில் இருபது கூடியிருந்தால் மொத்த எடை கிட்டத்தட்டச் சரியாகவே நிற்கும். தூண் வேலை நின்றுபோகும். எண்ணி முடித்ததும் எண்ணிக்கையைக் கணக்கு எடையால் பெருக்கிக் கூட்டி, எடைச்சீட்டோடு ஒப்பிடுங்கள். ஒன்றிரண்டு சதவீத வித்தியாசம் இயல்பு. எட்டு, ஒன்பது சதவீதம் குறைந்தால் மாதிரி வெட்டி எடை போடும் நேரம். ஏற்றிய எடையும் வெறும் வண்டி எடையும் ஒரே மேடையில், அன்றைக்கே எடுத்ததாக இருக்கட்டும். மேடை பத்து கிலோ படியாகக் காட்டுவதாக இருந்தால், இரண்டு டன் லோடில் இரண்டு எடைக்கும் சேர்த்து இருபது கிலோ வரை விலகலாம். 8 எம்எம்மில் அது நாலு கம்பி. சின்ன லோடுக்கு எண்ணிக்கைதான் நம்பத் தகுந்தது.

பீம், சேனல், ஆங்கிள்

ஷெட், மாடிப்படி, மெஸ்ஸனைன் (இடைத்தளம்) என்று வந்தால் பீம், சேனல், ஆங்கிள் போன்ற உருட்டிய பிரிவுகள். இங்கே சூத்திரத்துக்குப் பதில் ஐஎஸ் 808 அட்டவணையைப் பார்க்க வேண்டும், மூலை வளைவும் சாய்ந்த விளிம்பும் எளிய பெருக்கலில் அடங்காது. ஒரு சிக்கல் உண்டு. பழைய கைநூல் அட்டவணையும் 1989ஆம் ஆண்டுத் திருத்த அட்டவணையும் எல்லாவற்றிலும் ஒத்துப்போவதில்லை. ஐஎஸ்எம்பி என்ற நடுத்தர எடை பீமில், 200 பழையதில் மீட்டருக்கு 25.4 கிலோ, திருத்தத்தில் 24.2. ஐஎஸ்எம்பி 300 பழையதில் 44.2, திருத்தத்தில் 46. ஐஎஸ்எம்சி என்ற நடுத்தர எடை சேனலில், 100 பழையதில் 9.2, திருத்தத்தில் 9.56. ஐஎஸ்எம்பி 250 மட்டும் இரண்டிலும் 37.3 என்று சமாதானமாக இருக்கும். ஷெட்டுக்கு 240 மீட்டர் ஐஎஸ்எம்சி 100 வேண்டுமென்றால் ஒரு கணக்கில் 2208 கிலோ, இன்னொன்றில் 2294 கிலோ. இரண்டு கொட்டேஷனுக்கு நடுவே 86 கிலோ வித்தியாசம் பார்த்து ஒருவரைச் சந்தேகிக்கும் முன், யார் எந்த அட்டவணையை வைத்திருக்கிறார் என்று கேளுங்கள்.

பெயரைப் பார்த்தும் ஏமாறக் கூடாது. நம் ஐஎஸ்எம்பி 200இல் 200 என்பது உயரம், எடை பெயரில் இல்லை. பிரிட்டிஷ் பீம் 203×133×25 என்றால் கடைசி 25 மீட்டர் எடை. அமெரிக்கப் பிரிவு 8×18 என்றால் 18 என்பது அடிக்கு இத்தனை பவுண்டு, 1.488 ஆல் பெருக்கினால் 26.8 கிலோ. மூன்றும் எட்டு அங்குல பீம்தான், எடை மூன்று விதம்.

ஆங்கிளில் நடப்பது வேறு. 50×50×6 அட்டவணைப்படி 4.5 கிலோ, 50×50×5 என்றால் 3.8. சிறு ஆலைச் சரக்கில் 6 என்று விற்பது கனத்தில் 5ஐ ஒட்டி இருப்பது உண்டு. கிலோ கணக்கில் வாங்குகிறவருக்கு மீட்டர் கூடக் கிடைக்கும், நன்றாகத்தான் தெரியும். ஆனால் கூரையைத் தாங்கும் டிரஸ்ஸில் நிற்பது பதினைந்து சதவீதம் மெலிந்த இரும்பு. கம்பியைப் போல இல்லாமல் இங்கே வெர்னியர் உதவும். இரண்டு கால்களிலும், முனையிலிருந்து ஓர் அடி உள்ளே தள்ளி அளக்க வேண்டும். எளிய சூத்திரமும் கைக்கு உதவும்: இரண்டு காலையும் கூட்டி, கனத்தைக் கழித்து, கனத்தாலும் 0.00785 ஆலும் பெருக்கினால் 50×50×6க்கு 4.43 கிலோ, அட்டவணைக்கு மிக அருகில்.

துத்தநாகப் பூச்சுப் போட்ட ஆங்கிளை எடைக்கு வாங்கினால் பூச்சின் எடையும் மேடையில் ஏறும். 5 எம்எம்முக்கு மேற்பட்ட கனத்துக்குச் சதுர மீட்டருக்கு 610 கிராம் பூச்சு என்பது வழக்கமான அளவு. 50×50×6 ஆங்கிளின் மேற்பரப்பு மீட்டருக்குச் சுமார் 0.2 சதுர மீட்டர், பூச்சு 120 கிராம். பூச்சில்லாத கறுப்பு ஆங்கிள் எடையை வைத்து நீளம் கணக்கிட்டால் இரண்டரை சதவீதம் குறையும். 400 மீட்டர் தேவைக்குப் பத்து மீட்டர்.

கசெட் (சந்திப்பில் துண்டுகளை இணைக்கும் தகடு), தூணின் அடித்தகடு போன்றவற்றுக்கு வரைபடத்தில் முக்கோணமாக இருந்தாலும் எடை போட வேண்டியது அதை வெட்டி எடுக்கும் செவ்வகத்துக்கு. விலை கொடுப்பது அதற்குத்தான்.

பீம் நீளம் எப்போதும் 12 மீட்டர் என்று நம்பவும் கூடாது. கடையில் கிடப்பது 10 முதல் 13 மீட்டர் வரை கலந்திருக்கலாம். 6.2 மீட்டர் துண்டு இரண்டு வேண்டியிருந்தால் 12.5 மீட்டர் பீம் ஒன்று தேடிப் பிடிப்பது, 12 மீட்டர் பீம் இரண்டு வாங்குவதைவிட எவ்வளவோ மேல். ஆர்டருக்கு முன் கிடங்கில் உள்ள நீளங்களின் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள்.

கடைசியில் எப்போதும் விட்டுப்போவது கட்டுக்கம்பி. அதற்கும் அதே 162தான். 18 கேஜ் கம்பி 1.22 மி.மீ.; மீட்டருக்கு 9.2 கிராம், ஒரு கிலோவுக்குச் சுமார் 109 மீட்டர். ஒரு முடிச்சுக்கு 30 செ.மீ. என்றால் கிலோவுக்கு 360 முடிச்சு. மேலே சொன்ன தளத்தில் 61 × 95, அதாவது 5795 சந்திப்பு. ஒன்றுவிட்டு ஒன்று கட்டினால் 2900 முடிச்சு, எட்டு கிலோ. ஓரங்களில் எல்லாச் சந்திப்பையும் கட்ட வேண்டும், ஒட்டு விழும் இடத்தில் இரண்டு மூன்று முடிச்சு, கீழே விழுந்து மண்ணோடு போவது வேறு. பத்து கிலோ என்று சீட்டின் கடைசி வரியில் எழுதிவிடுங்கள்.